வீட்டு டிவிடி: 720-ஆ, 352-ஆ?

டிவிடி செய்ய உட்கார்ந்ததும் பலர் முதலில் ரெசல்யூஷனை (படத்தின் அகலம்×உயரம், பிக்சலில்) 720×576 என்று தேர்ந்துவிட்டு, பிறகு படத்தை டிஸ்க்கில் திணிக்கப் பார்க்கிறார்கள். வரிசை தலைகீழ். படம் ஓடும் நேரம்தான் பிட்ரேட்டை (ஒரு நொடிக்குச் செலவாகும் பிட்களின் அளவு) தீர்மானிக்கும். அந்த பிட்ரேட் எந்த ரெசல்யூஷனைத் தாங்கும் என்பது கடைசிக் கேள்வி. விரலுக்குத் தகுந்த வீக்கம்.

ஒற்றை அடுக்கு டிஸ்க்கின் 4.7 ஜிபி என்பது 470 கோடி பைட் (கணினி 4.37 என்று காட்டினால் டிஸ்க் மேல் சந்தேகப்பட வேண்டாம்). அதை எட்டால் பெருக்கி, மெனு முதலியவற்றுக்கு 4 சதவீதம் தள்ளி, நொடிகளால் வகுத்தால் 120 நிமிடத்துக்கு நொடிக்கு 5 மெகாபிட், 180-க்கு 3.3, 240-க்கு 2.5. இதில் ஒலிக்கும் பங்கு உண்டு. ஏசி3 என்னும் சுருக்கிய ஒலிக்கு 192 கிலோபிட் போதும். சுருக்காத பிசிஎம் ஒலியை வைத்தால் 1536 போய்விடும். மூன்று மணி நேர டிஸ்க்கில் பிசிஎம் வைப்பது படத்தில் பாதியை ஒலிக்குத் தாரைவார்ப்பது போல.

இனி ரெசல்யூஷன். 720×576-இல் ஒரு ஃபிரேமுக்கு 4.15 லட்சம் பிக்சல். ஹாஃப் டி1 எனப்படும் 352×576-இல் 2.03 லட்சம். நான்கு மணி நேரத்துக்குக் கிடைக்கும் 2.3 மெகாபிட்டை முழு அளவுக்குக் கொடுத்தால், தண்ணீர், இலைகள், கூட்டம், கேமரா திரும்பும் இடம் எல்லாம் கட்டம் கட்டமாக உடையும். பாதி அளவில் அதே காட்சி கொஞ்சம் மழுங்கும், அவ்வளவுதான். மழுங்கலைக் கண் பொறுத்துக்கொள்ளும். துள்ளும் கட்டங்களைப் பொறுக்காது.

மூலம் விஎச்எஸ் (பழைய வீடியோ கேசட்) என்றால் யோசிக்கவே வேண்டாம். அந்த நாடாவின் கிடைத்தெளிவே சுமார் 240 கோடுகள்தான். 352-இல் இழப்பது சொற்பம். நாடாவின் இரைச்சலும் பிட்ரேட்டைத் தின்னும் என்பதால், என்கோட் செய்யும் (டிவிடி வடிவத்துக்குச் சுருக்கும்) முன் அதைக் குறைத்து, படத்தின் அடியில் நெளியும் சில வரிகளைக் கறுப்பால் மூடிவிடுங்கள். மினிடிவி (MiniDV, டிஜிட்டல் கேம்கார்டர் நாடா) மூலமாக இருந்தால் வேறு கதை: அது 720 அகலத்திலேயே பதிவானது, பாதியாக்கினால் விவரம் நிஜமாகவே போகும். இரண்டரை மணி நேரத்தைத் தாண்டினால் இரண்டு டிஸ்க்காகப் பிரிப்பதே மேல். 16:9 அகலத்திரைக்கும் அதே வழிதான், ஏனென்றால் டிவிடி விதிப்படி அது 720, 704 அகலங்களுக்கு மட்டுமே.

704 என்பது 720-இன் இரு ஓரத்திலும் எட்டு பிக்சல் வெட்டியது. வெட்டுங்கள், சுருக்காதீர்கள். 352×288 வேண்டாம்: இன்டர்லேஸ் படத்தில் ஒவ்வொரு ஃபிரேமும் ஒன்றுவிட்டு ஒன்றான வரிகளைக் கொண்ட இரண்டு ஃபீல்டுகள்; அதில் ஒன்று போய், அசைவின் வழவழப்பு கெடும். என்டிஎஸ்சி (அமெரிக்க டிவி முறை) டிஸ்க்கில் 576-க்கு 480, 288-க்கு 240, கணக்கு அதேதான்.

70 நிமிடம் வரை மாறா பிட்ரேட்டில் 8 மெகாபிட் வைத்து முடித்துவிடலாம். அதற்கு மேல் இரண்டு பாஸ் விபிஆர் (படத்தை ஒருமுறை அலசிவிட்டு, காட்சிக்கேற்ப பிட்ரேட்டை மாற்றிப் பங்கிடுவது), உச்சம் 8. விதி வீடியோவுக்கு 9.8 வரை அனுமதித்தாலும், வீட்டில் எரித்த டிஸ்க் அச்சு டிஸ்க் அளவுக்கு ஒளியைத் திருப்பாது. பழைய பிளேயர் தடுமாறி மறுபடி படிப்பதற்குள் பஃபர் (முன்கூட்டிப் படித்த தரவின் தேக்கம்) காலியாகி, படம் உறைந்து நிற்கும்.

அசைவில் மட்டும் படம் முன்னும் பின்னும் உதறினால் பிட்ரேட்டை ஏற்றிப் பயனில்லை. அது ஃபீல்டு வரிசைக் கோளாறு. மினிடிவி போன்ற DV வடிவ மூலத்துக்குக் கீழ் ஃபீல்டு முதலில் வர வேண்டும்.

மொத்தத்தையும் என்கோட் செய்யும் முன், அசைவு அதிகமுள்ள இரண்டு நிமிடத்தை இரு அளவிலும் செய்து ஆர்டபிள்யூ (அழித்து மீண்டும் எழுதக்கூடிய) டிஸ்க்கில் எழுதி, கணினித் திரையில் அல்ல, தொலைக்காட்சியில் பாருங்கள்.