முழு வீடா, முன்பக்கம் மட்டுமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கும் எங்கள் பலகை வீட்டைப் படப்பிடிப்புக்குக் கேட்டார்கள். முழு வீட்டையும் கொடுத்தால் கூடுதல் வெள்ளி (ரிங்கிட்) கிடைக்கும். ஆனால் சாமி மேடையை நகர்த்துவார்கள், சுவருக்கு வேறு சாயம் அடிப்பார்கள், பழைய பலகையில் ஆணி இறங்கும். அதனால் ஒவ்வோர் அறையையும் முன்கூட்டியே படம் எடுத்து, முன்பணம் வாங்கி, பழையபடி சரிசெய்து தரும் தேதியையும் எழுதி வாங்க வேண்டும்.

முன்பக்கம் மட்டும் என்றால் வாடகை குறைவு, பொருள்கள் நம் கண்முன் இருக்கும். ஒலிப்பதிவு நேரத்தில் காற்றாடிகூட ஓடக்கூடாது, அவ்வளவுதான். பாட்டி வெளியே தங்க மாட்டார் என்பதால் எனக்கு இதுவே சரி.

எதுவானாலும், மலேசியத் தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமான பினாஸ் தரும் படப்பிடிப்புச் சான்றிதழைப் படக்குழுவிடம் கேட்டுப் பாருங்கள். உங்களுடையது லயத்து வீடு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு), அது தோட்டத்துக்குச் சொந்தம் என்றால் முதலில் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும்.