டிரம்மில் நெளியும் புழு: அபேட்டா, மீனா, தேங்காய் நாரா?

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு நிலத்தடி நீரின் ஃபுளோரைடு தொல்லைக்கு மாற்றாக வந்தது. ஆனால் குழாயில் நாள் விட்டு நாள் தண்ணீர் வரும் தெருக்களில் வாசலுக்கு வாசல் 200 லிட்டர் டிரம் நிற்கிறது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அதுதான் தொட்டில்.

புகை அடிப்பது பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். காய்ச்சல் கண்ட வீட்டைச் சுற்றி அடிக்கலாம், அதுவும் கதவு ஜன்னல் திறந்திருந்தால். மற்றபடி வேடிக்கைதான். டிரம்மில் இருக்கும் கொசுப்புழு சில நாளிலேயே கொசுவாகிவிடும்.

அபேட் என்கிற டெமிஃபாஸ், தண்ணீரில் ஊற்றும் கொசுப்புழுக் கொல்லி மருந்து. அதற்கு அளவுதான் உயிர். 50 சதவீத மருந்தில் 20 மில்லியை 10 லிட்டர் தண்ணீரில் கலந்தால், அந்தக் கரைசல் லிட்டருக்கு 1 மில்லி போதும். முழு டிரம்முக்கு 200 மில்லி. குடிநீருக்கு இதுவே உச்ச வரம்பு. சிக்கல் எங்கே என்றால், பாதி டிரம் காலியானதும் புதுத் தண்ணீர் பிடிப்பார்கள், மருந்து நீர்த்துவிடும். வாடை பிடிக்காமல், பணியாளர் தெரு முனை தாண்டியதும் கொட்டிவிடும் வீடுகளும் உண்டு.

கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீன் கிணற்றுக்கும் பெரிய சிமெண்ட் தொட்டிக்கும் சரி. மொண்டு காலியாகும் டிரம்முக்கு ஆகாது. பிளீச்சிங் பவுடர் போடும் தொட்டியில் விட்டால் செத்து மிதக்கும். ஏரி, ஓடையில் விடவே கூடாது. உள்ளூர் மீன் குஞ்சுகளைத் தின்றுவிடும்.

மிஞ்சுவது தேங்காய் நார். ஏடிஸ் முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, டிரம்மின் உட்சுவரில் கரும்புள்ளியாய் ஒட்டியிருக்கும். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் சாகாது, தண்ணீர் பட்டதும் பொரியும். அதனால் வெறுமனே கவிழ்த்துக் கொட்டிப் பயனில்லை. பிளீச்சிங் பவுடர் தொட்டு உட்சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் ஆகும் என்பதால் வாரம் ஒருமுறை போதும்.

'காசு மாதிரி தண்ணீர், எப்படிம்மா கொட்டுறது?' என்பார்கள். நியாயம்தான். இரண்டு டிரம் வைத்து, ஒன்றை அடிவரை தீர்த்தபின் தேய்த்து, பிறகு நிரப்பினால் ஒரு சொட்டும் வீணாகாது. வாயைப் பழைய வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டுங்கள். தட்டுப் போட்டு மூடினால் ஓரத்து இடுக்கு போதும் கொசுவுக்கு.

புழு இருக்கிறதா என்று பார்க்க டார்ச் அடித்து ஒரு நிமிடம் அசையாமல் நில்லுங்கள். நிழல் பட்டதும் அடிக்கு ஓடியவை, தலைகீழாகத் தொங்க மேலே வரும்.