ஊர்க் கிணறா, ஆற்றுக் குழாயா?

தமிழகக் கிராமங்களின் மேல்நிலைத் தொட்டிக்குப் பெரும்பாலும் இரண்டு வழிகளில் தண்ணீர் ஏறுகிறது. ஒன்று, ஊராட்சியே பராமரிக்கும் ஆழ்துளைக் கிணறு. மற்றது, ஆற்று நீரைக் குழாய் வழியே பல ஊர்களுக்குப் பகிரும், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் கூட்டுக் குடிநீர்த் திட்டம்.

ஊர்க் கிணற்றின் பலம், அதற்குப் பொறுப்பானவர்கள் கூப்பிடு தூரத்தில் இருப்பதுதான். மோட்டார் எரிந்தால் தொட்டி இயக்குபவருக்கு அன்று காலையே தெரிந்துவிடும். தலைவர் வீட்டுக் கதவைத் தட்டலாம், கிராம சபையில் கணக்குக் கேட்கலாம். 2022 முதல் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்றும் கிராம சபை கூட வேண்டும் என்றாகிவிட்டது. இதை நான் பெரிய உரிமையாகவே கருதுகிறேன்.

ஆனால் நிலத்தடியில் இருக்கும் குறையை எந்தத் தலைவராலும் தீர்க்க முடியாது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களின் கிணற்று நீரில் ஃபுளோரைடு, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டியிருந்தது. பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை படிந்தது. பெரியவர்களுக்கு எலும்பும் மூட்டும் இறுகின. 2013இல் திறக்கப்பட்ட ஒகேனக்கல் திட்டம் அங்கே காவிரியைக் கொண்டு சேர்த்தது. நிலத்தடி நீர் உவர்க்கும் ராமநாதபுரத்துக்கும் காவிரி நீர்தான் போகிறது. இத்தகைய இடங்களில் ஊர்க் கிணறே போதும் என்று வாதிடுவது அநியாயம்.

கூட்டுத் திட்டத்தின் வேதனை கடைக்கோடி ஊருக்குத்தான் தெரியும். வழியில் எங்கோ குழாய் உடைந்தால் இங்கே தொட்டி காலி. மக்கள் கேட்பது தலைவரை. வால்வின் சாவியோ அவர் கையில் இல்லை. ஆற்றுத் தண்ணீர் வந்துவிட்டதென்று நல்ல நீர் தந்த பழைய கிணற்றையும் கைவிட்ட ஊருக்கு அன்று வேறு வழியே இருக்காது.

பணத்திலும் இழுபறி உண்டு. மத்திய வரிப் பணத்தைப் பகிரப் பரிந்துரைக்கும் நிதி ஆணையத்தில் 15ஆவது, 2021–26 காலத்துக்கான ஊரக உள்ளாட்சி மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று ஒதுக்கிக் கட்டிப்போட்டது. நோக்கம் நல்லதுதான். ஆனாலும் எதற்குச் செலவிடுவது என்ற முடிவு ஊரில் எடுக்கப்படவில்லை.

கழிவில் கணக்கு வேறு. ஒரு குழி நிறைந்தால் மற்றதற்கு மாற்றிவிடும் இரட்டைக் குழிக் கழிப்பறையை வீட்டாரே பார்த்துக்கொள்ளலாம். செப்டிக் டேங்க் கசடுக்கு லாரியும் சுத்திகரிப்பு நிலையமும் வேண்டும். ஒற்றை ஊராட்சியால் அது ஆகாது. செங்கல்பட்டு மாவட்டத்தின் கருங்குழி பேரூராட்சியின் நிலையம் பக்கத்து மதுராந்தகத்தின் கசடையும் ஏற்பதுபோல, அண்டை ஊர்கள் சேர்ந்துதான் செய்ய வேண்டும்.

என் தேர்வு இதுதான்: நிலத்தடி நீர் கெட்ட இடத்தில் ஆற்றுக் குழாய், மற்ற இடங்களில் ஊர்க் கிணறு முதலில். எந்த நீரானாலும் ஊருக்குள் பகிரும் பொறுப்பு ஊராட்சிக்கே. வாரியக் குழாய் ஊருக்குள் நுழையும் இடத்தில் மீட்டர் வைத்து, தினமும் வந்த அளவைத் தொட்டியடியில் எழுதிப் போட வேண்டும்.