முகாம் குடிநீர்ப் பணியாளர் பயிற்சி: இணையப் பாடமா, களத்தில் கைபிடித்துக் கற்பிப்பதா?

அளவுகோல்களைக் கற்க இணையப் பாடமே போதும். பேரிடர், அகதி முகாம்களில் உதவிப் பணிக்கான குறைந்தபட்ச அளவுகோல்களைச் சொல்லும் ஸ்பியர் கையேட்டின் 2018 பதிப்புப்படி, ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் நீர். ஒரு குழாய்க்கு 250 பேர், கைபம்புக்கு 500 பேர். இதற்காக எல்லோரையும் தலைநகருக்கு வரவழைப்பது வீண்செலவு. உதவிப் பணியாளர்களுக்கான காயா (Kaya) இணையதளத்தில் பாடங்கள் இலவசம். முகாமில் சிக்னல் கிடைக்காது என்பதால், களத்துக்கு அனுப்பும் முன்பே முடிக்கச் சொல்லுங்கள்.

குளோரின் சோதனை அப்படியல்ல. எஞ்சிய குளோரின் (கிருமிகளைக் கொன்றபின் நீரில் மிஞ்சி நிற்பது) லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மி.கி. இருக்க வேண்டும் என்று தேர்வில் சரியாக எழுதுபவர்கூட, குழாயடியில் டிபிடி 1 மாத்திரைக்குப் பதில் (குளோரின் இருந்தால் மாதிரி நீரை இளஞ்சிவப்பாக்கும் சோதனை மாத்திரை) டிபிடி 4-ஐப் போட்டுவிடுவார். அது காட்டுவது மொத்தக் குளோரினை; நமக்கு வேண்டியதோ வேறெதனோடும் சேராமல் தனியாக எஞ்சிய குளோரின் அளவு. சிலர் மாத்திரையை விரலால் தொடுவார்கள். நீரில் குளோரின் கலந்து 30 நிமிடம் ஆகுமுன்பே சோதிப்பதும் உண்டு. இவற்றைவிட ஆபத்தானது ஒன்று: குளோரின் மிக அதிகமானால் இளஞ்சிவப்பு நிறம் வெளுத்துப்போகும். புதியவர் 'குளோரினே இல்லை' என்று நினைத்து இன்னும் குளோரினை ஊற்றுவார். சந்தேகம் வந்தால் மாதிரியைச் சுத்தமான, குளோரின் இல்லாத நீரில் கலந்து நீர்க்கவைத்துச் சோதிக்க வேண்டும். இதெல்லாம் பக்கத்தில் ஒருவர் நின்று திருத்தினால்தான் கைக்கு வரும்.

களப் பயிற்சிக்கும் ஒரு குறை உண்டு: மூத்தவரின் தவறான பழக்கமும் சேர்ந்தே ஒட்டிக்கொள்ளும். அதனால் ஒரே மாதிரியை மூத்தவரும் புதியவரும் தனித்தனியே சோதித்து, அளவுகளை ஒப்பிடட்டும். மூத்தவரின் வழக்கமான வேலையைக் குறைக்காமல் கற்பிக்கும் பொறுப்பைச் சுமத்தினால், பயிற்சி காகிதத்தோடு நின்றுவிடும்.