புத்தக வண்டியில் ஒரு ஸ்கூட்டர்: நான்கு ஆண்டு ஏற்றி இறக்கிய அனுபவம்

சேலத்தில் சிறிய புத்தகக் கடை நடத்துகிறேன். முன்பெல்லாம் ஈரோடு, மதுரை, நெய்வேலி என்று விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய அளவில் இருந்த கண்காட்சிப் பயணங்கள், 2022-இல் மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடத்தப்படும் என்று தமிழக அரசு அறிவித்த பிறகு பல மடங்காகிவிட்டன. ஒவ்வோர் ஊரிலும் பத்து நாட்களாவது தங்க வேண்டும். மைதானம் ஓர் எல்லையில் இருக்கும், விடுதி பேருந்து நிலையத்தருகே இருக்கும், தீர்ந்துபோன தலைப்புகளைச் சென்னையிலிருந்து வரவழைத்தால் அவை வந்திறங்கும் லாரி ஆபீஸ் இன்னொரு மூலையில் இருக்கும். ஆட்டோவுக்குக் கொடுத்துக் களைத்துப்போய், வீட்டிலிருந்த ஆக்டிவா 6ஜி ஸ்கூட்டரைக் கூடவே கொண்டுபோவது என்று முடிவெடுத்தேன். அதை எப்படிக் கொண்டுபோவது என்பதில் மூன்று வழிகளைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன்.

அப்போது என்னிடம் இருந்தது பொலேரோ. உள்ளே முழுவதும் புத்தகப் பெட்டிகள் என்பதால், வண்டியின் பின்புறம் ஸ்கூட்டரைக் குறுக்காக நிறுத்தும் இரும்புத் தாங்கி ஒன்றை ஒரு வெல்டிங் பட்டறையில் செய்து, சேஸிஸில் போல்ட் போட்டுப் பொருத்தினேன். செய்து கொடுத்தவர் அதன்மேல் ஏறி நின்று குதித்துக் காட்டினார். இரும்பு தாங்கியது உண்மைதான். வண்டி தாங்குமா என்று நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. ஸ்கூட்டர் 106 கிலோ, தாங்கி ஏறத்தாழ 30 கிலோ, ஆக 136 கிலோ. ஆனால் இந்த எடை பின் அச்சின் மேல் இல்லை. அச்சுக்கு ஒன்றேகால் மீட்டர் பின்னால் தொங்குகிறது. பொலேரோவின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2,680 மில்லிமீட்டர். நெம்புகோல் கணக்குப்படி பின் அச்சில் கூடுதலாக விழுவது கிட்டத்தட்ட 200 கிலோ; முன் அச்சிலிருந்து 60 கிலோவுக்கு மேல் குறைந்துவிடுகிறது. இந்தக் கணக்கை நான் முன்கூட்டியே போடவில்லை. ஈரோட்டுக்குப் போன முதல் இரவில் எதிரே வந்தவர்களெல்லாம் லைட்டை அடித்துக் காட்டியபோதுதான், என் முகப்பு விளக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது புரிந்தது. ஸ்டியரிங் கையில் லேசாகிப்போனதை, ‘நல்ல சாலை’ என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அதைவிடப் பெரிய தொல்லை, பின் கதவைத் திறக்க முடியாதது. ஒரு பெட்டியை எடுக்க வேண்டுமென்றாலும் முதலில் ஸ்கூட்டரை இறக்க வேண்டும். பின் விளக்குகளும் எண் பலகையும் ஸ்கூட்டருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டன. பொலேரோவின் அகலம் 1,745 மில்லிமீட்டர், ஆக்டிவாவின் நீளம் 1,833 என்பதால் இரண்டு பக்கமும் நான்கு சென்டிமீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டும் இருந்தது. அனுமதித்த அளவைத் தாண்டிச் சுமை வெளியே நீண்டால் 20,000 ரூபாய் அபராதம் என்று 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. வழியில் நிறுத்திய ஒரு காவலர் எச்சரிக்கையோடு விட்டுவிட்டார். அவர் சொன்னதில் தவறேதும் இல்லை. ஐந்தாறு பயணங்களுக்குப் பிறகு தாங்கியைக் கழற்றி, இரும்புக் கடையில் எடைக்குப் போட்டேன்.

இடையில் சில மாதங்கள் ஸ்கூட்டரைத் தனியாக அனுப்பிப் பார்த்தேன். ரயில் பார்சலில் பெட்ரோலை முழுவதும் வடித்துவிட்டு, ஆர்.சி. நகலும் அடையாள அட்டையும் கொடுத்து, சாக்கும் வைக்கோலும் சுற்றிக் கட்டி அனுப்ப வேண்டும். வீடு மாற்றுபவர்களுக்கு அது நல்ல வழி. பத்து நாள் தங்கிவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்புபவனுக்கு, ஒவ்வொரு முறையும் கட்டுவதும் பிரிப்பதும் பெட்ரோல் வடிப்பதுமே ஒரு தனித் தொழிலாகிவிடும். ஒரு தனியார் பேருந்தின் சரக்கு அறையில் அனுப்பியபோது, இரவோடு இரவாக வந்து சேர்ந்தது, இடது பக்கத் தகட்டில் ஒரு முழ நீளக் கீறலோடு. வண்டிக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் டிரெய்லரையும் யோசித்தேன். அதற்குத் தனிப் பதிவு வேண்டும். கண்காட்சி வாசல் நெரிசலில் டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்கும் திறமையும் எனக்கு இல்லை. அந்த யோசனை அங்கேயே நின்றுவிட்டது.

பொலேரோவை விற்றுவிட்டு, பழைய டாடா ஏஸ் கோல்டு ஒன்றை, அதாவது எல்லோரும் குட்டியானை என்று சொல்லும் வண்டியை, வாங்கினேன். மொத்த எடை 3,000 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டி என்பதால் பெர்மிட் தேவையில்லை. அதன் தளம் 2,200 மில்லிமீட்டர் நீளம், 1,490 அகலம். சுமை வரம்பு 750 கிலோ. ஸ்கூட்டரைக் குறுக்காக நிறுத்த முடியாது, நீளவாக்கில்தான் முடியும். அப்படி நிறுத்தினால் கேபினுக்கும் ஸ்கூட்டருக்கும் நடுவே 36 சென்டிமீட்டர் மிஞ்சும். 14 அங்குலப் பெட்டிகளில் ஒரு வரிசை அங்கே அச்சில் வார்த்ததுபோல் அடங்கும். ஸ்கூட்டர் இடப்புறம், மற்ற பெட்டிகள் வலப்புறம் என்று அடுக்கினால் வண்டி வலப்பக்கம் சாயும். புத்தகத்தின் எடை அப்படிப்பட்டது. ஆகவே முன் வரிசையில் கனமான பெட்டிகளை, அகராதிகளையும் தொகுப்பு நூல்களையும், இடது மூலைக்குத் தள்ளி, அரங்கின் இரும்புச் சட்டங்களையும் மடக்கு மேசைகளையும் ஸ்கூட்டருக்கு அருகில் இடப்பக்கச் சுவரோரம் வைக்கிறேன். பெட்டி ஒன்று 20 கிலோ என்றால், 28 பெட்டியும் ஸ்கூட்டரும் சட்டங்களும் சேர்ந்து வரம்புக்குள் நிற்கின்றன. முப்பதைத் தாண்ட நான் அனுமதிப்பதில்லை.

வண்டியைத் தேர்ந்தெடுப்பதற்குமுன் எல்லோரும் கேட்பது, அது எவ்வளவு தாங்கும் என்பதை. நான் இப்போது முதலில் கேட்பது, ஸ்கூட்டரை யார் ஏற்றுவார்கள் என்பதை. ஊரில் கிளம்பும்போது நான்கு பேர் கைகொடுப்பார்கள். கண்காட்சியின் கடைசி நாள் இரவு பதினொரு மணிக்கு, எல்லோரும் அவரவர் பெட்டியைக் கட்டிக்கொண்டிருக்கும்போது, நானும் உதவியாளர் ஒருவரும் மட்டுமே இருப்போம். ஏஸின் தளம் தரையிலிருந்து சுமார் இரண்டரை அடி. முதலில் ஆறடி நீளச் சாய்வுப் பலகை ஒன்றைப் பயன்படுத்தினேன். அதில் ஸ்கூட்டரைத் தள்ள 44 கிலோ தூக்குகிற அளவு பலம் தேவைப்பட்டது. எட்டடிப் பலகைக்கு மாறியதும் அது 33 கிலோவாகக் குறைந்தது. இரண்டடி நீளம் கூடியதில் முதுகுவலி நின்றது என்பதைத் தவிர இதில் விளக்க வேறொன்றும் இல்லை.

இப்போதிருக்கும் பலகை இரும்புச் சட்டத்தில் புள்ளித் தகடு அடித்து நடுவில் கீல் வைத்தது, மடித்தால் நான்கடி. மேல்முனையில் இரண்டு கொக்கிகள் தளத்தின் ஓரத்தில் பிடித்துக்கொள்ளும். அவற்றோடு ஒரு சங்கிலியையும் மாட்டிவிடுகிறேன், ஏனெனில் சக்கரம் ஏறும் கணத்தில் பலகை பின்னோக்கி வழுக்கிய அனுபவம் ஒருமுறை போதும். பலகை முடிந்து தளம் தொடங்கும் விளிம்பில் ஸ்கூட்டரின் அடிவயிறு தட்டும், நடு ஸ்டாண்டு போய் முட்டும். இதற்கு மைதானத்திலேயே மருந்து இருக்கிறது: ஏஸின் பின்சக்கரங்கள் சற்றுப் பள்ளத்திலும், பலகையின் கால் மேட்டிலும் இருக்குமாறு வண்டியை நிறுத்தினால் உயரம் அரையடி குறைந்துவிடும். மழைநீர் ஓடிய வாய்க்கால், நடைபாதை ஓரம், எதுவாயினும் சரி, இடம் பார்த்து நிறுத்த ஐந்து நிமிடம் செலவிடுவது வீணாகாது. எஞ்சினை ஓடவிட்டு ஆக்ஸிலேட்டரைத் திருகிக்கொண்டே கூட நடந்து ஏற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன். கை ஒருமுறை கூடுதலாகத் திரும்பினால் ஸ்கூட்டர் கேபினில் போய் நிற்கும். எஞ்சினை அணைத்துவிட்டு, ஒருவர் ஹேண்டிலைப் பிடிக்க மற்றவர் பின்னிருந்து தள்ளுவதே நல்லது. நடுவழியில் மூச்சு வாங்கினால் இடது பிரேக்கைப் பிடித்தால் போதும், அது இரண்டு சக்கரத்தையும் நிறுத்தும்.

கட்டும் முறையை நான் கற்றுக்கொண்டது தொப்பூர்க் கணவாயில். ஓசூர்க் கண்காட்சி முடிந்து திரும்பும்போது, ஸ்கூட்டரை நடு ஸ்டாண்டில் நிறுத்தி நைலான் கயிற்றால் இறுக்கியிருந்தோம். பார்ப்பதற்கு அசையாமல் நின்றது. ஆனால் பாதிப் புத்தகம் விற்றுப்போய் வண்டி இலேசாக இருந்ததை நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை. ஏஸின் இரும்புப் பட்டை ஸ்பிரிங்குகள் சுமை இருக்கும்போதுதான் பணிவாக நடந்துகொள்ளும். சுமை குறைந்தால் ஒவ்வொரு வேகத்தடையிலும் தூக்கிப் போடும். துள்ளத் துள்ளக் கயிறு நெகிழ, இறக்கத்தில் பிரேக் போட்டதும் ஸ்டாண்டு மடங்கி ஸ்கூட்டர் பெட்டிகளின்மேல் சாய்ந்துவிட்டது. கீழே இறங்கி ஓரமாக நிறுத்திப் பார்த்தபோது டாங்கி மூடியின் வழியே பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. மூன்று பெட்டிகள் நனைந்திருந்தன. காயவைத்த பிறகும் அந்தக் கவிதை நூல்களைப் பிரித்தால் பெட்ரோல் பங்கில் நிற்பதுபோலவே இருந்தது. பதிப்பாளருக்குப் பணம் கொடுத்து அவற்றை நானே வைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து ஸ்டாண்டில் நிறுத்துவதில்லை. இரண்டு சக்கரமும் தளத்தில்தான். பிளைவுட் பலகையில் ரீப்பர் கட்டைகளை அடித்து ஒரு பள்ளம்போல் செய்து, முன்சக்கரத்தை அதில் அமர்த்துகிறேன். தளத்தின் சட்டத்தில், பக்கச்சுவர்த் தகட்டில் அல்ல, நான்கு இரும்பு வளையங்களைப் பற்றவைத்து, பல்சக்கரப் பிடியால் இறுக்கும் நான்கு ராட்செட் பெல்ட்டுகளால் நான்கு மூலைக்கும் இழுக்கிறேன். முன்புறம் ஹேண்டிலின் இரு முனையிலும் துணி வளையம் போட்டு, முன் ஷாக் பாதி அமுங்கும்வரை கீழ்நோக்கி இறுக்க வேண்டும். முழுவதும் அமுக்கினால் சீல் கெடும், அமுக்காமல் விட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் பெல்ட் தளர்ந்து கொக்கி கழலும். ஸ்கூட்டரில் கியர் போட்டு நிறுத்த வழியில்லை என்பதால் இடது பிரேக் நெம்புகோலைப் பழைய டியூப் துண்டால் கட்டிவைக்கிறேன். கிளம்பிய இருபதாவது கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்திப் பெல்ட்டைத் தொட்டுப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் ஏதாவது ஒன்று ஓரிரு பல் இறுகும். டாங்கியில் ஒரு லிட்டருக்கு மேல் வைப்பதில்லை.

பெயின்டைக் கெடுப்பது பயணத்தைவிட மூடிவைக்கும் தார்ப்பாய்தான். 400 கிலோமீட்டர் தள்ளியுள்ள திருநெல்வேலிக்குப் போய்ச் சேர்வதற்குள், காற்றில் படபடத்து உப்புத்தாள்போல் தேய்த்துவிடும். அதற்கடியில் ஒரு பழைய வேட்டியைச் சுற்றுகிறேன். ஸ்கூட்டருக்கு முழுக் காப்பீடு எடுத்திருந்தால், சாலை வழியாகவோ ரயிலிலோ ஏற்றிச் செல்லும்போது நேரும் சேதத்துக்கும் அந்தப் பாலிசி பொருந்தும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இது கிடையாது. தொப்பூர்ச் சம்பவத்தின்போது என்னிடம் இருந்தது இரண்டாவது வகை.

இன்றைக்குப் புதிதாக வாங்குவதென்றால் ஆக்டிவாவை எடுக்கமாட்டேன். டிவிஎஸ் எக்ஸெல் 100 தொண்ணூறு கிலோவுக்குள் இருக்கிறது; உடல் முழுவதும் திறந்த குழாய்ச் சட்டம் என்பதால் பெல்ட்டை எங்கு வேண்டுமானாலும் மாட்டலாம்; லாரி ஆபீஸிலிருந்து இரண்டு பெட்டிப் புத்தகத்தைக் கால்வைக்கும் இடத்திலேயே வைத்து ஓட்டிக்கொண்டும் வந்துவிடலாம். ஆக்டிவாவின் பின் டயர் தேய்ந்து மாற்ற வேண்டிய நிலையில் இருக்கிறது. டயரை மாற்றுவதா வண்டியையே மாற்றுவதா என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம்.