பீர் புட்டிக்குப் பம்பு வைத்த அடைப்பான் வாங்குவோர் கவனத்திற்கு

சேலம் ஐந்து ரோடு பகுதியில் உள்ள ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடையில், திறந்த பீரை ஒரு வாரம் வரை கேஸ் போகாமல் காக்கும் என்று சொல்லி, சிறிய கைப்பம்புடன் கூடிய ரப்பர் அடைப்பான்களை என்னிடம் விற்றார்கள். "ஏற்காடு போறவங்க எல்லாம் இதைத்தாங்க வாங்கிட்டுப் போறாங்க" என்று கடைக்காரர் உறுதியும் அளித்தார். 650 மி.லி. புட்டியை ஒரே மூச்சில் முடிக்க இயலாமல் மீதியை மறுநாளைக்கு எடுத்து வைப்பவர்கள் பலர் என்பதால், நடந்ததை எழுதுகிறேன்.

அடைப்பானைப் பொருத்திப் பம்பை இழுத்ததும், அடங்கியிருந்த நுரை புட்டியின் கழுத்துவரை பொங்கிப் பம்பின் அடிப்பகுதிக்குள்ளேயே ஏறிவிட்டது. மறுநாள் ஊற்றியபோது நுரை கண்ணாடிக் குவளையின் விளிம்பில் மெல்லிய வளையமாக நின்று உடனே மறைந்தது. பீரோ சப்பென்று இருந்தது. இது ஒயினுக்கான கருவி. கேஸ் இல்லாத ஒயினில் மேலே உள்ள காற்றை உறிஞ்சினால் ஆக்சிஜன் குறையும், அதனால் பயன் உண்டு. பீரில் கரைந்துள்ள கார்பன் டை ஆக்சைடோ, மேலே அழுத்தம் இருக்கும்வரைதான் உள்ளே தங்கும். பம்பு அந்த அழுத்தத்தைத்தான் வெளியேற்றுகிறது. காசு கொடுத்து வாங்கிய கருவியே கேஸை உறிஞ்சி எடுத்துவிடுகிறது!

பம்பு செய்யாமல் வெறுமனே செருகினாலும் பயனில்லை. கோலி சோடாவில் உள்ளிருக்கும் கேஸே கோலியை ரப்பர் வளையத்தோடு அழுத்திப் பிடிக்கும். இங்கே மேலிருந்து செருகிய ரப்பரை அதே கேஸ் வெளியே தள்ளுகிறது. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கியபடி, வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்துகொண்டே போகும் மலைப்பாதையில் இது நிலைக்கும் என்று சொல்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

பெட்டியின் மேல் ஒட்டியிருந்த பீர் படத்தின் ஓரத்தை உரித்தபோது, அடியில் ஒயின் புட்டியும் கிண்ணமும் அச்சாகியிருந்தன. இறக்குமதியாளரின் பெயரோ முகவரியோ, அதிகபட்ச சில்லறை விலையோ எங்கும் இல்லை. 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி இவை கட்டாயம் இருக்க வேண்டும். இதைக் காட்டிக் கேட்டதற்கு, "பில்லைத் திருப்பிப் பாருங்க சார், வித்த பொருளைத் திரும்ப வாங்கறதில்லைங்க" என்பதே பதிலாகக் கிடைத்தது. குறைபாடுள்ள பொருளை, ரசீதில் காலவரம்பு குறிக்கப்படாத நிலையில் 30 நாட்களுக்குள் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்துள்ளேன்.

அடைப்பான் வேண்டும் என்பவர்கள், புட்டி வாயின் தடித்த விளிம்புக்குக் கீழே கொக்கிபோல் பற்றிக்கொள்ளும் வகையைக் கேளுங்கள். ஷாம்பெயினுக்கான கொக்கி வகை பீர் புட்டிக்கு அளவு பொருந்தாமல் போகலாம் என்பதால், காலிப் புட்டி ஒன்றைக் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்தே வாங்குங்கள். அதுவும் கேஸைத்தான் காக்கும். ஊற்றும்போது உள்ளே புகுந்த ஆக்சிஜன் சுவையைக் கெடுப்பதைத் தடுக்காது. ஆகவே புட்டியை ஃப்ரிட்ஜில் நிமிர்த்தி வைத்து மறுநாளே குடித்துவிடுவது நல்லது. கிடைக்கும் இடத்தில் 325 மி.லி. புட்டியாக வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை.