வீட்டுக்கு எந்தப் பூட்டு, பள்ளிக்கு எந்தப் பூட்டு: ஓர் ஒப்பீட்டு அலசல்

பூட்டு வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, இதை உடைக்க முடியுமா என்பதுதான். நேரமும் கருவியும் கிடைத்தால் எந்தப் பூட்டையும் திறந்துவிடலாம் என்பதே அதற்கு நேர்மையான பதில். 1851இல் லண்டன் பெருங்கண்காட்சிக்கு வந்திருந்த ஹாப்ஸ் என்னும் அமெரிக்கப் பூட்டு வல்லுநர், அசைக்க முடியாதது என்று பெயர் பெற்றிருந்த சப் நிறுவனத்தின் லீவர் பூட்டைச் சுமார் 25 நிமிடங்களில் திறந்தார். பல பத்தாண்டுகளாகக் கடை முகப்பில் சவாலாக வைக்கப்பட்டிருந்த பிரமா பூட்டு மட்டும் 16 நாட்களில் பரவிய 51 மணி நேர உழைப்பை அவரிடம் வாங்கிய பிறகே திறந்தது. பூட்டு நமக்குத் தருவது நேரம். அதனால் ஒரு பூட்டை இன்னொன்றோடு ஒப்பிடும்போது, அந்நியர் நுழைய எவ்வளவு நேரமும் சத்தமும் ஆகும், திறக்கும் உரிமை எத்தனை பேர் கையில் இருக்கிறது, உள்ளே இருப்பவர் ஆபத்தில் எவ்வளவு விரைவாக வெளியேற முடியும் என்ற மூன்றையும் சேர்த்தே எடைபோட வேண்டும். வீட்டுக்கும் பள்ளிக்கும் இந்த மூன்றின் முக்கியத்துவம் ஒன்றாக இருப்பதில்லை.

வீட்டிலிருந்து தொடங்கலாம். நாதாங்கியில் மாட்டும் தொங்குபூட்டு மலிவானது. ஆனால் வீட்டில் ஆள் இல்லை என்பதைத் தெருவுக்கே அறிவிக்கிறது. பூட்டு எவ்வளவு தடிமனாக இருந்தாலும், நாதாங்கியைப் பிடித்திருக்கும் திருகாணிகளை நெம்பி எடுத்துவிட்டால் அதற்கு வேலையே இல்லை. கதவுக்குள் பதிக்கப்படும் லீவர் பூட்டில், உள்ளிருக்கும் ஒவ்வொரு தகட்டையும் சாவி சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் நாக்கு, அதாவது கதவுநிலைக்குள் நுழைந்து கதவைப் பிடிக்கும் உலோகத் தண்டு, நகரும். தகடுகள் கூடக்கூடக் கள்ளச்சாவியின் வேலை கடினமாகிறது. ஆனால் சாவி தொலைந்தால், பெரும்பாலும் முழுப் பூட்டையே மாற்ற வேண்டியிருக்கும். லைனஸ் யேல் 1860களில் செம்மைப்படுத்திய சிலிண்டர் பூட்டில் அந்தத் தொல்லை இல்லை: சாவி நுழையும் உருளையான சிலிண்டரை மட்டும் கழற்றி வேறொன்றைப் பொருத்தினால் பழைய சாவிகள் அனைத்தும் செல்லாதவை ஆகிவிடும். வாடகை வீட்டுக்குக் குடிவருபவர்களுக்கு இந்த ஒரு வசதிக்காகவே சிலிண்டர் பூட்டைப் பரிந்துரைப்பேன்.

அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. இருபுறமும் சாவி போடும் யூரோ வகைச் சிலிண்டரின் நடுப்பகுதியில், நாக்கை நகர்த்தும் பகுதிக்காகவும் பிடிப்புத் திருகாணிக்காகவும் உலோகம் நிறையக் கடையப்பட்டிருப்பதால், அந்த இடம் மெலிந்துபோயிருக்கிறது. வெளியே துருத்திக்கொண்டிருக்கும் நுனியை இடுக்கியால் பிடித்து அசைத்தால் அந்த மெலிந்த இடத்தில் சிலிண்டர் முறிந்துவிடும். முறிவைத் தாங்கும் வகைகளில் முன்பக்கத்தில் வேண்டுமென்றே ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். நுனி மட்டும் உடைந்து விழ, பூட்டு தன் வேலையைத் தொடரும். எந்த வகையானாலும், கதவுத் தகட்டுக்கு வெளியே சிலிண்டர் 3 மில்லிமீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. உங்கள் வாசற்கதவில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னதாகக் கவனிக்க வேண்டியது கதவுநிலை. ஓங்கி உதைக்கப்படும் கதவில் பூட்டு அநேகமாக முழுதாகவே இருக்கும். நாக்கு நுழையும் தகட்டுக்குப் பின்னால் உள்ள மரம்தான் பிளந்துகொள்ளும். அந்தத் தகட்டைப் பல வீடுகளில் இரண்டு சிறு திருகாணிகள் மட்டுமே நிலையின் விளிம்பில் பிடித்திருக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டு, நிலையையும் தாண்டிப் பின்னால் உள்ள கட்டுமானத்தைப் பற்றும் 75 மில்லிமீட்டர் திருகாணிகளையும் கனமான தகட்டையும் போடுவதும், நாக்கு குறைந்தது 25 மில்லிமீட்டர் உள்ளே போகும்படி பார்த்துக்கொள்வதும், விலையுயர்ந்த பூட்டு தரும் பாதுகாப்பைவிட அதிகம் தரும். பட்ஜெட் சிறியதாக இருந்தால் முழுவதையும் இங்கேயே செலவிடுங்கள்.

எண் பூட்டும் ஸ்மார்ட் பூட்டும் இதற்குப் பிறகே வருகின்றன. அவற்றுக்குள்ளும் நகர்வது அதே நாக்குதான். மாறுவது திறக்கும் உரிமையை வழங்கும் முறை மட்டுமே. முதியவரைக் கவனிக்க வருபவருக்கு ஓர் எண், பள்ளி விட்டுத் தனியே திரும்பும் பிள்ளைக்கு ஓர் எண் என்று தனித்தனியாகக் கொடுத்து, தேவை முடிந்ததும் அழித்துவிடலாம் என்பது உலோகச் சாவியால் தர முடியாத நன்மை. ஆனால் ஒரே எண்ணை ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் அழுத்தும் வீடுகளில் அந்த நான்கு பொத்தான்கள் மட்டும் தேய்ந்து பளபளக்கும். நான்கு இலக்க எண்ணுக்கு 10,000 வாய்ப்புகள் இருக்க, தேய்ந்த நான்கு பொத்தான்கள் தெரிந்துவிட்டால் மிஞ்சுபவை 24தான். ஓர் இலக்கம் இருமுறை வரும் எண்ணைத் தேர்ந்தால், தேய்ந்தவை மூன்றாகத் தெரிந்தாலும் வாய்ப்புகள் 36 ஆகின்றன. இதைவிட எளிய தீர்வு, எண்ணை அவ்வப்போது மாற்றுவது.

இணையத்தோடு இணைந்த பூட்டுகளில் வேறு சிக்கல்கள் உள்ளன. 2017இல் ஒரு தயாரிப்பாளர் அனுப்பிய தவறான மென்பொருள் புதுப்பிப்பு, ஏறக்குறைய 500 வாடிக்கையாளர்களின் பூட்டுகளைச் செயலிழக்க வைத்தது. கைபேசி அருகில் வந்தாலே திறக்கும் புளூடூத் பூட்டுகளை, சமிக்ஞையைத் தொலைவிலிருந்து கடத்தி ஏமாற்ற முடியும் என்று 2022இல் ஆய்வாளர்கள் செய்து காட்டினர். ஆகவே பலர் வந்துபோகும் வீட்டுக்கு, நல்ல நாக்கும் அவசரத்துக்கு உலோகச் சாவித் துளையும் உள்ள, இணையம் தேவைப்படாத எண் பூட்டே என் தேர்வு. இருவர் மட்டும் வாழும் வீட்டுக்குச் சிலிண்டர் பூட்டு போதும். எதுவாயினும் உட்புறம் கையால் திருகும் குமிழ் இருக்க வேண்டும். கதவுக் கண்ணாடியை உடைத்துக் கையை உள்ளே நுழைத்துத் திறந்துவிடுவார்களோ என்று பயந்து உள்ளேயும் சாவி போடுகிறவர்கள், தீப்பிடித்த இரவில் புகைக்கு நடுவே அந்தச் சாவியைத் தேட வேண்டியிருக்கும்.

பள்ளிக்கு இந்த வெளியேறும் வழிதான் முதல் அளவுகோல். 1883இல் இங்கிலாந்தின் சண்டர்லேண்டு நகரில், விக்டோரியா மண்டபத்தின் படிக்கட்டடியில் உட்பக்கமாகத் திறக்கும் கதவொன்று, ஒருவர் மட்டும் நுழையும் இடைவெளி விட்டுத் தாழிடப்பட்டிருந்தது. பரிசு வாங்க முண்டியடித்து இறங்கிய குழந்தைகளில் 183 பேர் நசுங்கி இறந்தனர். உள்ளிருந்து தள்ளினால் திறந்துகொள்ளும் கம்பி அமைப்பு உருவாவதற்கு அந்தத் துயரமும் ஒரு காரணம். இன்றும் பள்ளியின் அவசர வழிக்குச் சங்கிலி போட்டுத் தொங்குபூட்டு மாட்டுவதைப் பாதுகாப்பு என்று யாராவது சொல்லும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

அந்த வழிகளுக்கு, மேலே சொன்ன தள்ளுகம்பி, கதவை மின்காந்தத்தால் பிடித்துவைக்கும் காந்தப் பூட்டு என்ற இரண்டும் போட்டியிடுகின்றன. காந்தப் பூட்டு சுமார் 270 முதல் 540 கிலோ வரையிலான இழுவிசையைத் தாங்கும். ஆனால் மின்சாரம் நின்றால் திறந்துகொள்ளும். தீயின்போது அது நன்மை, பேட்டரி இல்லாத சாதாரண மின்வெட்டில் அதுவே ஓட்டை. தள்ளுகம்பிக்கு மின்சாரமே வேண்டாம்: வெளியிலிருந்து பூட்டியே இருக்கும், உள்ளிருந்து ஒரே தள்ளலில் திறக்கும். என் வாக்கு தள்ளுகம்பிக்கே.

வகுப்பறைக் கதவு இன்னும் நுட்பமானது. வெளியிலிருந்து மட்டுமே சாவி போட்டுப் பூட்டக்கூடிய பழைய வகையில், ஆபத்து நடைபாதையில் இருக்கும்போது ஆசிரியர் வெளியே தலைநீட்ட வேண்டும். அமெரிக்காவின் சாண்டி ஹுக் பள்ளித் தாக்குதலை ஆராய்ந்த ஆணையம் 2015இல், எல்லா வகுப்பறைகளையும் உள்ளிருந்தே பூட்டும் வசதி வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2022இல் அதே நாட்டின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள யுவால்டியில், துப்பாக்கிச் சூட்டில் 19 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் கொல்லப்பட்ட பள்ளியிலோ கதவுகள் வெளியிலிருந்தே பூட்டப்பட வேண்டியிருந்தன. ஒரு வகுப்பறையின் பூட்டு சரியாக விழுவதில்லை என்பது அங்கிருந்தவர்களுக்கு முன்பே தெரிந்தும் இருந்தது. உள்ளே பொத்தானை அழுத்திப் பூட்டும் வகை வேகமானது; ஆனால் ஒரு மாணவர் இன்னொருவரை உள்ளே வைத்துத் துன்புறுத்தவும் அது உதவும். உள்ளிருந்து சாவியால் பூட்டி, கைப்பிடியை ஒருமுறை திருப்பினாலே வெளியேறக்கூடிய, பள்ளி அலுவலரின் சாவிக்கு வெளியிலிருந்தும் திறக்கும் வகையே சிறந்தது. அதற்குத் தற்காலிக ஆசிரியர் உட்பட ஒவ்வொருவர் கழுத்திலும் சாவி தொங்க வேண்டும். கதவுக்குக் குறுக்கே மாட்டும் தடுப்புக் கம்பிகளை நான் ஏற்கமாட்டேன். தவறானவர் உள்ளிருந்து மாட்டிக்கொண்டால் யாராலும் எளிதில் திறக்க முடியாது.

வெளிவாசலுக்கு, எல்லாக் கதவுகளையும் திறக்கும் மாஸ்டர் சாவியைவிட, வாசிப்பானில் காட்டித் திறக்கும் மின்னணு அட்டை நல்லது. ஒரு சாதாரண அறையின் சாவியையும் பூட்டையும் சில வெற்றுச் சாவிகளையும் கொண்டே மாஸ்டர் சாவியின் வெட்டுகளைக் கண்டுபிடிக்கலாம் என்று அமெரிக்கக் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் மாட் பிளேஸ் 2003இல் விளக்கினார். தொலைந்த அட்டையையோ உடனே நீக்கிவிடலாம். ஆனால் பழைய 125 கிலோஹெர்ட்ஸ் அட்டைகள் தம் எண்ணை மறைக்காமல் ஒலிபரப்புவதால் நொடிகளில் நகலெடுக்கப்படும். பரவலாகப் புழங்கிய மைஃபேர் கிளாசிக் என்னும் அட்டை வகையின் குறியாக்கமும் 2008லேயே உடைந்துவிட்டது. ஏஇஎஸ் (AES) என்னும் வலுவான குறியாக்க முறை உள்ள அட்டை என்று கேட்டு வாங்குங்கள்.

அட்டைக்குப் பதிலாகப் பிள்ளைகளின் கைரேகையையும் முகத்தையும் பயன்படுத்த வேண்டாம். திருடுபோன அட்டையை மாற்றலாம், விரலை மாற்ற முடியாது. முகத்தை வைத்து வருகையைப் பதிவு செய்து பார்த்த ஒரு பள்ளிக்காக, ஸ்வீடனின் ஷெலெஃப்டியோ நகராட்சிக்கு 2019இல் 2 லட்சம் குரோனா அபராதம் விதிக்கப்பட்டது.

இவ்வளவையும் வாங்கிய பள்ளியில், காற்றுக்காகவோ பொருள் இறக்குவதற்காகவோ பக்கவாசலில் ஒரு கல்லை அண்டக் கொடுத்துவிட்டால் எல்லாம் வீண். அதனால் அட்டை வாசிப்பானுக்குப் பணம் ஒதுக்கும்போதே, கதவைத் தானாக மூடும் டோர் க்ளோசருக்கும், கதவு குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் திறந்திருந்தால் அலுவலகத்தில் ஒலிக்கும் மணிக்கும் சேர்த்து ஒதுக்க வேண்டும். கண்காணிப்புக் கேமரா, அந்த மணி இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், கேமராவைத் தள்ளிவைத்து மணியை வாங்குங்கள்.